நூறு கேள்விகளும் ஏழாவது தீர்மானமும்

என் மனைவிக்குப் பெயரே இல்லை என்பதை ஒஹாயோவில் ஒரு குடியேற்ற வக்கீல்தான் கண்டுபிடித்தார். திருத்தணி அரசு மருத்துவமனையில் அவள் பிறந்ததற்கான சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, பிறந்த நேரம்கூட இருந்தது. குழந்தைக்கான இடத்தில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. முப்பத்தாறு வருடங்களாக அந்தப் ‘பெண்’ பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், கடல் கடந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வக்கீல் கேட்டார். ஊருக்குப் போய்ச் சரிசெய்ய என் மனைவி வசந்திக்கு விடுப்பு மிச்சமில்லை. நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் ஜனவரி மந்தமான மாதம். அதனால் நான் கிளம்பினேன்.

என் கைப்பையில் இன்னொரு வேலையும் இருந்தது. ஒஹாயோ திரும்பிய பத்தாவது நாள் எனக்குக் குடியுரிமை நேர்காணல். அமெரிக்க வரலாறும் ஆட்சிமுறையும் பற்றி நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து பத்து கேட்பார்கள். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். பட்டியலை அச்செடுத்து, ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதி வைத்திருந்தேன். இங்கிலீஷ் புரியாமல் இல்லை; தமிழில் எழுதினால்தான் எனக்கு எதுவும் மனதில் நிற்கும்.

நான் பொள்ளாச்சிக்காரன். திருத்தணி எனக்கு மாமனார் ஊர். மாமனாரும் மாமியாரும் இருந்தவரை மாப்பிள்ளையாகக் காரில் வந்து இறங்கி, சாப்பிட்டு, மலையேறிக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். தனியாக, பொதுப் போக்குவரத்தில், ஒரு காரியத்துக்காக வந்தது இதுதான் முதல் தடவை.

நான் ஏறிய மின்சார ரயில் அரக்கோணத்தோடு நின்றுவிட்டது. பெட்டி முழுக்கக் காலியான பிறகும் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ரயில்வே நீலச்சட்டை போட்ட ஒருவர் ஜன்னலில் தட்டினார்.

“எங்க போவணும்?”

“திருத்தணிங்க.”

“இது இத்தோட சரி. அடுத்தது வர்ற வரைக்கும் இப்படிக் குந்துங்க.”

நடைமேடை பெஞ்சில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர். என் கையிலிருந்த தாள்களைப் பார்த்து, “பரீட்சையா? எந்த டிபார்ட்மென்ட்டு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது விநோதமாகப் படவில்லை. பதவி உயர்வுக்காக அவரும் வருடக்கணக்கில் இப்படித் தாள் வைத்துப் படித்தவராம். ஒரு தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எழுத்துக் கூட்டிக் கேட்டார். அமெரிக்க மேலவையில் எத்தனை பேர்?

“நூறு.”

“கரெக்ட். நம்ம ராஜ்யசபாவுல எத்தினி பேரு?”

எனக்குத் தெரியவில்லை. “உங்களுக்கு?” என்றேன்.

“எனக்கும் தெர்ல. அதான் கேட்டேன்.”

பொட்டலத்தைப் பிரித்து ஒரு மசால்வடையை எனக்குக் கொடுத்தார். சோம்பு தூக்கலாக, ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது. பன்னிரண்டு வருடம் வெளியூரில் இருந்தவனுக்கு அது போதுமான வரவேற்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். எனக்கு முன்னால் எட்டுப் பேர். அதில் இறப்புக்கு வந்தவர்கள் பேசாமல் நின்றார்கள். பிறப்புக்கு வந்தவர்கள் தள்ளினார்கள். என் முறை வந்ததும் அந்த அம்மாள் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரே வெக்காம உட்டுட்டாங்களா? பள்ளிக்கூடத்து டிசி ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க. ஜெராக்ஸ் ஆவாதுங்க.”

“அது அவங்க அக்கா வீட்டுல இருக்குங்க. நாளைக்கு எடுத்துட்டு வரட்டுமா?”

“நாளைக்கும் நாளான்னிக்கும் லீவு. திங்கக்கெழம குடியரசு தினம். செவ்வாக்கெழம வந்துடுங்க.”

எங்கள் ஒஹாயோ கவுன்ட்டி அலுவலகத்திலும் இதே வயதில் ஓர் அம்மாள் உண்டு. இதே போல ஒரு காகிதம் குறைகிறது என்றுதான் சொல்வார். கடைசியில் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்துவார்; அது ஒன்றுதான் வித்தியாசம். இங்கே வாழ்த்து இல்லை. ஆனால் வெளியே வரும்போது, “எந்த ஊருக்குப் போவணும்?” என்று கேட்டு, நான் சொன்னதும், “அந்த பஸ்ஸு இங்க நிக்காது, முக்குக்குப் போங்க,” என்று அவராகவே எழுந்து வந்து கை காட்டினார்.

சனிக்கிழமை விடியலில் மலையேறினேன். தை மாதக் கிருத்திகை நெருங்கியதால் படிகளில் நல்ல கூட்டம். மொட்டையில் சந்தனம் காயாத ஒரு தகப்பன், தோளில் இருந்த மகளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினான். எனக்கிருக்கும் அரைகுறைத் தெலுங்கில் அது இப்படிப் புரிந்தது: “கால் வலிக்குதுன்னு நீ ஏன் சொல்ற? நடக்கறவன் நான்.” மேலே நின்றால் ஒரு பக்கம் தமிழ்நாடு, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஆந்திரா. கோடு எங்கே விழுகிறதென்று மலைகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஊரே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் இருந்து, ஆட்கள் போராடி இந்தப் பக்கம் வந்தது. வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர்கள் வசந்தியின் குடும்பத்தில் இருந்திருக்கிறார்கள். நான் தேசம் மாற ஏழு விமான நிலையம் பார்த்துவிட்டேன்.

வசந்தியின் அக்கா குமுதா அண்ணி அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு நெசவு கிராமத்தில் இருக்கிறார். ஊர் பெயர் வேண்டாம்; பின்னால் வரும் சங்கதிக்கு அதுதான் நல்லது. பஸ் பாதி வழியில் டயர் வெடித்து ஓரங்கட்டியது. மாற்று டயர் வண்டியில் இல்லை. கண்டக்டர் பீடி பற்றவைத்துக்கொண்டார். நூல் மூட்டை ஏற்றிப் போன குட்டியானை வண்டி ஒன்று நின்று, வழியில் இறங்கும் நாலு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டது. சாயம் போட்ட நூல் மூட்டை மேல் உட்கார்ந்து போவது சுகமான பயணம்தான். இறங்கும்போது என் கால்சட்டையின் பின்புறம் ஊதா நிறமாகியிருந்தது.

ஊருக்குள் நுழையும் முன்பே தறிச்சத்தம் வந்தது. அண்ணியும் அவர் கணவர் சேகரும் ஒரு வாடகைக் கொட்டகையில் நாலு விசைத்தறி ஓட்டுகிறார்கள். உள்ளே போனால் பேச்சு கிடையாது, கை ஜாடைதான். அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த முகிலனுக்கு மூன்று வயது. மூன்று வீடு தள்ளியிருக்கும் அங்கன்வாடியில் அவனை விட்டுவிட்டுத் தறிக்கு வருவார். பிள்ளை அழுதால் இந்தச் சத்தத்தில் காதில் விழாது. அங்கன்வாடி உதவியாளரான ஆயா தெருவில் வந்து ஒரு சிவப்புத் துண்டை ஆட்டுவார். அந்தத் தெருவில் எல்லாத் தறிக்கும் அதுதான் ஏற்பாடு. எந்தத் தாய் என்று விரலால் வேறு காட்டுவார்.

வசந்தியின் டிசி இரும்புப் பெட்டியில் கிடைத்தது. செவ்வாய்வரை எனக்கு வேலையில்லை. மதியம் களியும் கீரைக் கடைசலும். களியை மென்று சாப்பிட்ட என்னைப் பார்த்து சேகர், “முழுங்கணும் சகல, மெல்லக் கூடாது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மின்தடை. ஊரே காது அடைத்தாற்போல் இருந்தது. அண்ணி வாசலில் உட்கார்ந்து அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு என் தாள்களை விரித்தேன்.

“இன்னா தம்பி, வாயிலியே முணுமுணுத்துகினு கீறீங்க?”

சொன்னேன். தாளை வாங்கி என் தமிழ்க் குறிப்பை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்பதாவது வரை படித்தவர். வேகம் குறைவு, ஆனால் ஒரு வரியையும் தாண்டுவதில்லை.

“வெள்ளக்காரனோட ஏன் சண்ட போட்டாங்கன்னு இங்க கேட்டுகீது. வரி போட்டதுக்கா?”

“வரி மட்டும் இல்லைங்க அண்ணி. வரி போடற சபையில இவங்க ஆளு யாரும் இல்லை. எங்களக் கேக்காம எப்படிப் போடலாம்னு சண்டை.”

அவர் முடிச்சை இறுக்கினார். “அவங்க ஊர் பொம்பளைங்களுக்கும் அப்பவே ஓட்டு குடுத்துட்டாங்களா?”

“இல்லைங்க. சட்டம் எழுதி நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல நிலம் வெச்சிருந்த வெள்ளை ஆம்பளைங்களுக்குத்தான். கறுப்பு மக்களுக்குக் காகிதத்துல குடுத்தாங்க. ஓட்டுப் போட வந்தா இதப் படி, அத எழுதுன்னு பரீட்சை வெச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நமக்கு எப்ப?”

“மொத எலெக்‌ஷன்லயே எல்லாருக்கும்.”

“பொம்பளைங்களுக்குமா? நெசவுக்காரிங்களுக்குமா?”

“எல்லாருக்குங்க.”

“இத ஏன் எங்க டீச்சர் சொல்லல?” என்றார்.

எனக்கும் யாரும் சொன்னதில்லை. எங்கள் பள்ளியில் குடிமையியல் சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. மார்ச் மாதம்தான் அங்கே வருவோம். இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றோ இரண்டோ வரும், விட்டாலும் பரவாயில்லை என்று வாத்தியார் சொல்வார். விட்டுவிட்டோம். கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர்களும் அப்படித்தான். இடைவேளையில் என் தாளை வாங்கிப் பார்த்து, பாதிக்குப் பதில் தெரியாமல் சிரித்தார்கள். அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்பதால் யாரும் கேட்கப்போவதில்லை. வெளியாளுக்குத்தான் பரீட்சை.

அண்ணி முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். “தம்பி, ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு இங்க கிராம சபைக் கூட்டம் கீது. அங்கன்வாடிய ஏரிக்கு அந்தாண்ட மாத்தறதுக்குத் தீர்மானம் போடப் போறாங்கன்னு ஆயா சொன்னாங்க. ஏழாவது தீர்மானமாம். ஒத்துக்க மாட்டேன்னு நாம சொல்லலாமா?”

ஏரிக்கு அப்பால் தாமோதரன் என்பவர் புதிதாக மனை பிரித்து விற்கிறார். அங்கே அங்கன்வாடிக்கென்று ஒரு மனை தானமாகக் கொடுக்கிறாராம். சர்க்கார் கட்டடம் வந்தால் கூடவே ரோடு வரும், தெருவிளக்கு வரும், மனை நல்ல விலைக்குப் போகும். தறியிலிருந்து ஓடிப் போய்ப் பார்க்கும் தூரமல்ல அது. பஞ்சாயத்துக்குப் பதவிக்காலம் முடிந்து தேர்தல் வரவில்லை. கேட்க உறுப்பினர் இல்லை, தலைவர் இல்லை, செயலாளரும் அதிகாரியும்தான்.

“சொல்லலாமா?” என்று திரும்பக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்துப் போட மறுத்தால் ஒரு சட்டம் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் இல்லாமல் போனால் அடுத்து யார் என்பது தெரியும். பிறந்து இருபத்தேழு வருடம் வாழ்ந்த நாட்டில், ஒரு கிராமத்து மக்கள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது தெரியாது. போனில் தேடினேன். சிக்னல் வந்தும் போயும் இருந்தது. அரசாங்கத்தின் தமிழ்ப் பக்கம் ஒன்று கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். பேசலாம், கேட்கலாம், மறுக்கலாம் என்று அதில் இருந்தது. அண்ணி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு போனைத் தானே வாங்கிப் படித்தார்.

சேகர் உள்ளேயிருந்து, “அந்தக் கொட்டா அவருதுடி. நாம குந்தினு கீறதே அவரு எடத்துல,” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சிகினா பேசற?”

அண்ணி அறுந்த நூலை எடுத்து அடுத்த முடிச்சைப் போட்டார். அன்று மாலை கரண்ட் வந்ததும் இரண்டு பேரும் தறிக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் கொடியேற்றினார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டு, அதே இடத்தில் ஜமுக்காளம் விரித்துக் கூட்டம். எழுபது எண்பது பேர் இருக்கும். பாதிக்கு மேல் பெண்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் அதிகாரி வந்திருந்தார். தெற்கத்திப் பேச்சு. இதற்கு முன் ஒரு ஊர் முடித்துவிட்டு வந்திருப்பார் போல, புடவையில் இரண்டு கொடி குத்தியிருந்தது. தாமோதரன் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். எனக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டுப் புத்தகம் சுற்றுக்கு வந்தது. செயலாளர், “கையெழுத்துப் போட்டுட்டு டீ எடுத்துக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தின் தலைப்பில் கீழ்க்கண்ட தீர்மானங்கள் ஏற்கப்படுகின்றன என்று இருந்தது. கீழே ஒன்றும் எழுதவில்லை. இடம் விட்டிருந்தார்கள்.

அண்ணியிடம் வந்ததும் நோட்டு நின்றது.

“சார், இன்னா எழுதப் போறீங்கன்னு படிச்சுக் காட்டுங்க. அப்பால போடறேன்.”

“வழக்கமானதுதாம்மா. குடிதண்ணி, கொசு மருந்து, அந்த மாதிரி.”

“ஏழாவது இன்னா?”

செயலாளர் தாமோதரனைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்ததாக ஞாபகம் இல்லை.

“படிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்கறதுதானேங்க முறை?” என்றேன்.

தாமோதரன் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் எதுவும் இல்லை. “சார் இந்த ஊர் ஓட்டருங்களா?”

“இல்லைங்க.”

“எந்த ஊருல ஓட்டு?”

பொள்ளாச்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒஹாயோவில் இன்னும் சேர்க்கவில்லை. “எங்கயும் இல்லைங்க,” என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தவறில்லை. நான் உட்கார்ந்தேன்.

அண்ணி நின்றுகொண்டேயிருந்தார். “நான் இந்த ஊர் ஓட்டரு. படிங்க,” என்றார்.

அதிகாரி தலையைத் தூக்கி, “வாசிங்க சார். எல்லாத்தையும் வாசிங்க,” என்று செயலாளரிடம் சொன்னார். ஆறு வரை குடிதண்ணீரும் கொசு மருந்தும்தான். ஏழாவதில், பழுதடைந்த அங்கன்வாடிக் கட்டடத்தை அகற்றி, அன்பளிப்பாக வழங்கப்படும் மனையில் புதிய கட்டடம் கட்டலாம் என்று இருந்தது.

“பழுதுன்னு யாரு பாத்தாங்க?” அண்ணியின் குரல் கொஞ்சம் நடுங்கியது. தறிக்காரர்கள் வழக்கமாகவே உரத்துப் பேசுகிறவர்கள் என்பதால் நடுக்கம் எல்லோருக்கும் கேட்டது. “ஓரமா ஒரு செவுரு விரிசல் உட்டுகீது. அத்தப் பூசினா போதும். ஏரிக்கு அந்தாண்ட வெச்சா புள்ளய யாரு இட்டுகினு போறது? யாரு இட்டுகினு வர்றது? தறிய நிறுத்திட்டா?”

சேகர் அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். “குந்து.”

“குந்தறேன். பதில் சொல்லட்டும்.”

பெண்கள் கூட்டம் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் பலருக்கும் கொட்டகை தாமோதரனுடையது. அங்கன்வாடி உதவியாளர் மரத்தடியில் நின்றார். சம்பளம் வாங்குகிறவர், வாயைத் திறக்க முடியாது.

பிறகு ரமணம்மா என்ற ஒரு பெண், உட்கார்ந்த வாக்கிலேயே, தெலுங்கில் ஏதோ சொன்னார். அதிகாரிக்குப் புரியவில்லை. “என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். அண்ணி தமிழில் சொன்னார்: “அவங்க பையனுக்கு இழுப்பு வருமாம். போன மாசம் ஆயா துண்டு ஆட்டினதால ஓடிப் போய்த் தூக்கினாங்களாம். ஏரிக்கு அந்தாண்டயிருந்து துண்டு ஆட்டினா யாருக்குத் தெரியும்னு கேக்கறாங்க.”

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். “இந்தத் தீர்மானம் வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க.”

முதலில் மூன்று கை. ரமணம்மாவின் பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஏழெட்டு. பிறகு எண்ண முடியாத அளவுக்கு. சேகரின் கை கடைசி வரை எழவில்லை. என் கையும் மடியிலேயே இருந்தது.

ஏழாவது நிறைவேறவில்லை. கட்டடத்தைப் பொறியாளர் பார்த்து அறிக்கை தரட்டும் என்று எழுதி, எழுதியதை வாசித்து, அதன் கீழே கையெழுத்து வாங்கினார்கள். அண்ணி முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். போனில் படம் எடுக்க எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொன்னார்கள். தாமோதரன் படத்துக்கு இருந்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில், “பயமா இருந்துச்சா அண்ணி?” என்றேன்.

“இப்பவும் இருக்குது,” என்றார். “இரு நாலு நாள்ல தெரியும்.”

நாலு நாள் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நான் கிளம்பும்போதே தாமோதரன் வீட்டிலிருந்து சேகருக்குப் போன் வந்தது. கொட்டகை அவர்களுக்கே தேவைப்படுகிறதாம். மாசிக்குள் காலி செய்து கொடுத்தால் நல்லது என்றார்களாம். சேகர் “ஆங், ஆங்” என்று மட்டும் சொன்னார். போனைப் பையில் வைத்துவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்: “நல்லாத்தான் கேட்டா சகல. நான் கை தூக்கியிருக்கணும். ஆனா கொட்டா போச்சே.”

போனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டியவன் நான். வாசித்துவிட்டு விமானமேறப் போகிறவனும் நான்தான்.

நகராட்சி அம்மாள் டிசியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, மாலைக்குள் வசந்திக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அன்று இரவே ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

நேர்காணல் பதினைந்து நிமிடம்கூட இல்லை. அதிகாரி நரைத்த தாடிக்காரர், அவருக்குச் சளி பிடித்திருந்தது. முதல் ஆறையும் சரியாகச் சொன்னதால் அதோடு நிறுத்திக்கொண்டார். கடைசியாகக் கேட்டது: ஜனநாயகத்தில் குடிமக்கள் பங்கெடுக்க இரண்டு வழிகள் சொல்லுங்கள். ஓட்டுப் போடுவது, மக்கள் பிரதிநிதியிடம் கருத்தைத் தெரிவிப்பது என்றேன். அச்சிட்ட விடை அதுதான். அவர் ஒரு கோடு இழுத்தார். அதைச் சொல்ல எனக்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். மூன்று வாரம் கழித்து, நாற்பது நாட்டுக்காரர்களோடு ஒரு கூடத்தில் நின்று கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன். வெளியே மேசை போட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, அண்ணி வசந்தியைக் கூப்பிட்டார். வசந்தி போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள். பொறியாளர் வந்து பார்த்தாராம். கட்டடம் திடமாக இருக்கிறது, ஒரு சுவரைப் பூசினால் போதும் என்று எழுதிவிட்டாராம். பூச்சு வேலை முடிந்து, வாசலுக்குச் சாய்தளமும் போட்டுவிட்டார்களாம்.

“கொட்டா?” என்றாள் வசந்தி.

“மாத்திட்டோம். ஊருக்கு அந்தக் கோடியில ஒண்ணு கெடச்சுது. உங்க பாவாதான் அலைஞ்சு புடிச்சாரு,” என்றார், சேகரைச் சொல்லி.

“அங்கேயிருந்து அங்கன்வாடி எவ்ளோ தூரம்க்கா?”

“கால் மணி நேரம் நடக்கணும். காலையில வுட்டுட்டுப் போறேன். மத்தியானம் ஒருவாட்டி ஓடியாந்து பாத்துட்டு ஓடறேன்.”

வசந்தி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: “இவ்ளோ சண்ட போட்டு, உனக்கே உதவாமப் போச்சேக்கா.”

போனில் பின்னால் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு உதவலன்னா இன்னா. ரமணம்மா பையன் அங்கதான கீறான்,” என்றார் அண்ணி. “அத்த வுடு. உங்க வூட்டுக்காரரு பக்கத்துல கீறாரா? அடுத்த கூட்டத்துக்கு நாமளே தீர்மானம் எழுதிக் குடுக்கலாமாம். அந்த ஆபீசரம்மா சொன்னாங்க. புதுக் கொட்டா வழியில லைட்டு இல்ல, பொம்பளைங்க நடந்து வரணும், அத்த எழுதிகினு கீறேன். தெருவிளக்குக்கு எந்த ‘ள’ தம்பி?”

“பெரிய ‘ள’ங்க அண்ணி.”

“ஆங்,” என்றார். அடித்துத் திருத்துகிற சத்தம் கேட்டது. பிறகு முதலிலிருந்து, ஒரு வரியையும் விடாமல், எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார்.